நடுக்கடலில் நின்ற இயந்திரம்



கடலடி ஆய்வுக்கு முக்குளிப்பவர்களை ஏற்றிச் செல்லும் படகில் டீசல் இயந்திரம் நின்றுபோனால் அதை எப்படிச் சரிசெய்வது? இதுதான் இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம். புக்கிட் செலம்பாவ்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். ஆனால் மேற்கே போனால் தஞ்சோங் டாவாயில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவில் பவளப்பாறைகள் நிறைந்த கடல் பூங்கா இருக்கிறது. தோட்டத்து டிராக்டரில் ஓடுவதும் லோரியில் ஓடுவதும் அந்தப் படகுகளில் ஓடுவதும் ஒரே குடும்பத்து டீசல் இயந்திரங்கள்தான். ஒன்றைப் புரிந்துகொண்டவனுக்கு மற்றது அந்நியம் அல்ல.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாலையில் லோரி நின்றுவிட்டால் ஓரம் கட்டலாம், பட்டறைக்குத் தொலைபேசி செய்யலாம். கடலில் ஓரம் என்று ஒன்று கிடையாது. இயந்திரம் நின்ற படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். அதுவும் ஆய்வுப் படகு என்றால், அதில் வந்தவர்களில் சிலர் அந்த நேரத்தில் தண்ணீருக்கு அடியில் இருப்பார்கள். அவர்கள் மேலே வரும்போது படகு அங்கே இருந்தாக வேண்டும்.

ஆழத்தில் இருந்து அவசரமாக மேலேறியவரின் உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ் குமிழாக வெளிவரும். மூட்டு வலியில் தொடங்கி, கைகால் முடங்கும் வரை கொண்டுபோய் விடும். அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் அதற்குச் சிகிச்சை. அந்த வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. லூமுட்டில் உள்ள இராணுவ மருத்துவமனை போன்ற ஒரு சில இடங்களில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர முதலில் கரையைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் படகின் இயந்திரம்தான் ஆம்புலன்ஸ்.

சரி, இயந்திரம் ஏன் நிற்கிறது? டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, இருபது மடங்கு நெருக்கிச் சுருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ரூடோல்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆக, அதற்கு வேண்டியது மூன்றே மூன்று: சுத்தமான எண்ணெய், போதிய காற்று, குறையாத அழுத்தம். நின்றுபோன இயந்திரம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை இழந்திருக்கும். இல்லையென்றால், சூடேறியோ வெளியே எதிலாவது சிக்கியோ நின்றிருக்கும்.

எனவே எடுத்தவுடன் ஸ்பேனரைத் தேடாதீர்கள். எப்படி நின்றது என்று முதலில் கேளுங்கள். இருமி இருமி, வலுக்குறைந்து நின்றதா? எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இடித்தாற்போல் நின்றதா? விசிறியில் கயிறோ வலையோ சுற்றியிருக்கலாம். புகையையும் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது சுமை அதிகம். நீலப் புகை என்றால் உயவு எண்ணெய் உள்ளே எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். உயவு எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. இத்தனையும் கண்ணும் காதும் சொல்லும் செய்திகள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

அடுத்தது எண்ணெய். நம் நாட்டுப் புழுக்கத்தில், பாதி காலியான தொட்டிக்குள் இரவில் ஈரம் வியர்த்து, அடியில் தண்ணீராகத் தங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, சளிபோல் வடிகட்டியை அடைக்கும். போக்குவரத்துக்கு விற்கப்படும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயில் இருந்து செய்ததைக் கலப்பது 2019இல் நடைமுறைக்கு வந்தது. நம் தோட்டத்துப் பயிருக்கு அது நல்ல செய்தி. ஆனால் அந்தக் கலவை வெறும் டீசலைவிட ஈரத்தை அதிகம் ஏற்கும். ஆகவே தொட்டியை நிரப்பி வைப்பதும், வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரை வாரந்தோறும் திறந்துவிடுவதும் முக்கியம். வடிகட்டியை மாற்றினால் குழாயில் காற்று புகுந்துவிடும். கைப்பம்பை அடித்து, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று அடைத்த குழாய்க்காக ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து பம்பையே மாற்றியவர்களும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிய இயந்திரங்களில் எண்ணெய் 1,600 பார் அழுத்தத்தையும் தாண்டிப் பாய்கிறது. ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

மூன்றாவது, குளிர்ச்சி. படகு இயந்திரம் கடல்நீரை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நாம் கடலில் வீசும் ஒரு பிளாஸ்டிக் பை அந்த வாயை அடைத்தால் போதும். கடல்நீர்ப் பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. தண்ணீர் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே அது கருகிப் பிய்ந்துவிடும். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தச் சக்கரத்தில் ஒன்று உபரியாகப் படகில் இருந்தால், அது ஒரு பயணத்தையே காப்பாற்றும்.

முக்குளிப்புப் படகுக்கென்றே இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, பழுது பார்த்து முடித்த மகிழ்ச்சியில் உடனே இயந்திரத்தை முடுக்கிவிடக் கூடாது. கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று தலை எண்ணிப் பார்த்த பிறகே விசிறி சுழல வேண்டும். இரண்டு, புகைக்குழாய்க் கசிவு. லோரியில் அது வெறும் சத்தம். இங்கே அது விஷம். சுவாசக் கலன்களில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் அந்தப் புகையை உறிஞ்சினால், கார்பன் மோனாக்சைடு கலனுக்குள் போகும். ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட அதன் கொடுமையும் கூடும். இயந்திரத்தைப் பார்ப்பவன் கையில் முக்குளிப்பவரின் மூச்சும் இருக்கிறது.

சரி, படகே மூழ்கிவிட்டால்? உலகப் புகழ் பெற்ற ஆய்வுக் கப்பல் காலிப்ஸோவுக்கு அதுதான் நேர்ந்தது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. கடற்கண்ணிகளை அகற்றுவதற்காக அமெரிக்காவில் கட்டி 1942இல் கடலில் இறக்கிய மரக்கப்பல் அது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ அதை வாங்கிய ஒரு செல்வரிடம் இருந்து ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகைக்குப் பெற்று, இரண்டு டீசல் இயந்திரங்களின் பலத்தில் உலகக் கடல்களைச் சுற்றினார். 1996 ஜனவரி 8ஆம் தேதி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு சரக்கு மிதவை மோதி அது மூழ்கியது. பாரந்தூக்கி கொண்டு மேலே எடுத்தார்கள். ஆனால் 1997இல் கூஸ்தோ மறையும்வரை அது மறுபடி ஆய்வுக்குப் புறப்படவே இல்லை.

கடல்நீரில் மூழ்கிய இரும்பு, நீருக்குள் இருக்கும்வரை மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். வெளியே எடுத்ததும் உப்பும் ஈரமும் காற்றும் ஒன்றுசேர்ந்து வேகமாகத் தின்னத் தொடங்கும். ஆகவே தூக்கிய பிறகு வரும் சில மணி நேரம்தான் இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இது கப்பலுக்கு மட்டும் சொன்னதல்ல. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கோத்தா கோல மூடாவில் படகுகளை அடித்து நொறுக்கியது. 2021 ஆகஸ்ட்டில் ஜெராய் மலையில் இருந்து வந்த வெள்ளம் யான், மெர்போக் பக்கம் புகுந்தது. 2022 ஜூலையில் பாலிங் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் என்ன? ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்புவது! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்றைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். வெள்ளம் கெடுக்காததை நம் அவசரம் கெடுத்துவிடும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர்களை எடுத்துவிட்டு, இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கடல்நீர் என்றால் நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் தெளியுங்கள். உயவு எண்ணெயை முழுக்க வடித்து மாற்றுங்கள். சிறிது நேரம் ஓடவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். சில நூறு வெள்ளியில் முடியும் வேலை, ஒரு குடும்பத்தின் பிழைப்பையே காப்பாற்றும்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்து என்பது நம் மருத்துவ மரபு. இயந்திரத்துக்கும் அதுவே மரபு. பாகத்தை மாற்றுவது வியாபாரம், காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கல்வி. "படிப்பு வரவில்லை, பட்டறைக்கு அனுப்பிவிட்டோம்" என்று பெற்றோர் தலைகுனிந்து சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பையன் கற்பது வெப்பம், அழுத்தம், வேதியியல் எல்லாம் சேர்ந்த பாடம். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் இருக்கிறது, அதற்கு மேல் டிப்ளோமாவும் இருக்கிறது. கையில் இருக்கும் திறமைக்குத் தாளிலும் ஓர் அத்தாட்சி வாங்கிக் கொடுங்கள்.

தோட்டங்கள் கைமாறின, வீடுகள் மாறின, வேலைகள் போயின. கற்ற தொழில் மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும். நாளை ஏதோ ஒரு கடலில், தண்ணீருக்கு மேல் தலை தூக்கும் ஓர் ஆய்வாளர் தம் படகு காத்திருப்பதைக் காணும்போது, அந்த இயந்திரத்தை ஓடவைத்த கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.