பொன் அரிப்போரும் புனற்குளிரும்

மார்கழி வைகறையில் திற்பரப்பு அருவியில் நீராடியவர்க்குப் பற்கள் தந்தியடிப்பது புதிதன்று. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதே காரணம். நாம் கரையேறித் துவட்டிக்கொள்வோம். ஆற்றுமணலில் பொன் அரிப்பவன் நீரிலேயே நிற்க வேண்டும். நம் மேற்கு மலைத்தொடரைச் சார்ந்த நிலம்பூரில், சாலியாற்று மணலை மரத்தட்டிலிட்டு அலசிப் பொன்துகள் எடுப்பது பழைய தொழில். மணல் நீரோடு போகும். நீரைவிட 19 மடங்கு கனமான பொன் அடியில் தங்கும். அங்கே குளிர் கொடியதன்று. 1896-இல் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் பொன் கண்டபின் அங்கு விரைந்தவர்களுக்கோ, உறைபனி நாட்டின் ஓடைகளில் அதே வேலை!

குளிர் மிகுந்தால் உடல், நெஞ்சையும் மூளையையும் காக்கும் பொருட்டுக் கைகளுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடும். விரல் மரத்தவனால் தீக்குச்சியையும் உரச இயலாது; ஆகவே கரையில் தீ மூட்டிய பின்னரே நீரில் இறங்குதல் அறிவுடைமை. நனைந்த பருத்தியாடை உடற்சூட்டைப் பறிக்கும். கம்பளியோ இழைகளிடையே காற்றைப் பிடித்து வைத்திருப்பதால், நனைந்தும் ஓரளவு காக்கும். மது சூடேற்றும் என்பர் சிலர். வெறும் மயக்கம் அது! தோலின் குருதிக்குழல்கள் விரிய, உள்ளிருக்கும் வெப்பமும் வெளியேறிவிடும். குளிரிலேயே நிற்பவனுக்கு நடுக்கம் தானே அடங்கினால் மகிழ வேண்டா. உடல் தோற்கத் தொடங்கியதன் அறிகுறி அது. உடனே அவனைக் கரையேற்றி, ஈர ஆடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் போர்த்தி, மருத்துவரை அழைக்க வேண்டும்.