274 ராத்திரி: உலகம் சுத்துற கப்பல்ல நமக்கு எந்தக் கதவு?

(எபிசோட் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியது.)

இந்த வாரம் டாபிக் நீங்க கேட்டதுதான். மெயில்லயும் இன்ஸ்டாவுலயும் நாலஞ்சு பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, வேலைய விட்டுட்டு ஒன்பது மாசம் க்ரூஸ்ல உலகம் சுத்தலாமா? ஓ.எம்.ஆர்.ல வாடகை, ஈ.எம்.ஐ. எல்லாம் கூட்டிப் பார்த்தா அதே செலவுதான் ஆகும்ங்கறாங்களே, உண்மையா?"

நான் மணலிக்காரன். எங்க ஏரியாவுல கப்பல் பத்தித் தெரியாதவங்க கிடையாது. ஆனா கப்பல்ல ஏறினவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். சி.பி.சி.எல். சிம்னியில எரியற நெருப்பு, ரோட்ட அடைச்சு நிக்கிற டிரெய்லர் லாரி, யார்டுல அடுக்கி வச்ச கண்டெய்னர், இதுதான் எங்களுக்குத் துறைமுகம். பெட்டி மேல எழுதியிருக்கிற மேர்ஸ்க், எவர்கிரீன், எம்.எஸ்.சி. எல்லாத்தையும் எழுத்துக் கூட்டிப் படிச்சு வளர்ந்தவங்க நாங்க.

அந்த எம்.எஸ்.சி. இருக்குல்ல? அதே குழுமத்துக்கு க்ரூஸ் கம்பெனியும் இருக்கு. எம்.எஸ்.சி. மேக்னிஃபிகாங்கிற கப்பல் 2019 ஜனவரியில இத்தாலியோட ஜெனோவாவுல கிளம்பி, 119 நாள்ல உலகத்தச் சுத்தி வந்துச்சு. மணலியில லாரி மேல நிக்கிற பெட்டிக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரே பேர். சரி, அந்தக் கப்பலுக்குள்ள போறதுக்கு நமக்கு என்ன வழி? இன்னைக்கு அதத்தான் பார்க்கப் போறோம்.

டிக்கெட் என்ன விலை?

உலகம் சுத்துற க்ரூஸ் இன்ஸ்டா காலத்துல வந்த விஷயம் இல்ல. 1922 நவம்பர்ல கியூனார்டு கம்பெனியோட லகோனியா கப்பல், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஏற்பாட்டுல நியூயார்க்ல இருந்து கிளம்பி சுமார் 130 நாள் சுத்துச்சு. அதுதான் தொடர்ந்து உலகத்தச் சுத்தின முதல் பயணிகள் க்ரூஸ்னு சொல்றாங்க.

நீங்க ரீல்ஸ்ல பார்த்தது ராயல் கரீபியனோட செரனேட் ஆஃப் தி சீஸ். 2023 டிசம்பர் 10 மயாமியில கிளம்பி, 2024 செப்டம்பர் 10 திரும்புச்சு. 274 ராத்திரி. அறிவிச்சப்போ ஆரம்ப விலை ஒருத்தருக்குச் சுமார் 61,000 டாலர். டாலர் 83 ரூபான்னு வச்சா சுமார் 50 லட்சம். அதுவும் ஜன்னலே இல்லாத உள் கேபின், ரெண்டு பேர் பங்கு போட்டுக்கணும். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 18,000 ரூபா. நம்ம சம்பளத்துக்கு ஓ.எம்.ஆர். வாடகையோட இதுக்கு எந்த ஒப்பீடும் இல்ல. அமெரிக்காவுல ஓய்வு பெற்றவர் முதியோர் இல்லத்துக்குக் கட்டற பணத்தோட ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. அதை அப்படியே இங்க தூக்கிட்டு வந்துட்டாங்க.

பணம் இருந்தாலும் கப்பல் இருக்கணுமே! லைஃப் அட் சீ க்ரூஸஸ்னு ஒரு நிறுவனம் மூணு வருஷப் பயணம்னு அறிவிச்சு, 2023 நவம்பர்ல இஸ்தான்புல்ல கிளம்புறதா சொன்னாங்க. வாங்கலாம்னு இருந்த கப்பல் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு, பயணமே ரத்து. சில பேர் வீட்டக் காலி பண்ணிட்டு, சாமானை வித்துட்டுக் காத்திருந்தாங்க. அடுத்து வில்லா வீ ஒடிஸி. 2024 மே கடைசியில பெல்ஃபாஸ்ட்ல கிளம்ப வேண்டியது, ரிப்பேர் முடிஞ்சு துறைமுகத்த விட்டு நகர நாலு மாசம் ஆச்சு. பயணிகள் அந்த ஊர்லயே சுத்திட்டிருந்தாங்க.

பாஸ்போர்ட் கணக்கு

இந்த விஷயத்த ட்ராவல் வீடியோல யாரும் சொல்றதில்ல. அவங்க கையில இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல.

செங்கன் விசாவுக்கு, பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடிதான் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பமும் நீங்க குடியிருக்கிற நாட்டுல இருந்து போடணும். செரனேட் கப்பல் மயாமியில கிளம்பி தென் அமெரிக்கா, பசிபிக், ஆசியான்னு போய்க் கடைசி மாசங்கள்லதான் ஐரோப்பாவுக்கு வந்துச்சு. அதாவது கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அப்ளை பண்ணா ரொம்பச் சீக்கிரம், அப்ளை பண்ண வேண்டிய நேரத்துல நீங்க நடுக்கடல்ல இருப்பீங்க. ஏற்கெனவே பல வருஷ மல்ட்டிபிள் என்ட்ரி விசா இருந்தா தப்பிச்சீங்க. இல்லன்னா நடுவுல இறங்கி, ஊருக்குப் பறந்து வந்து, விசா வாங்கிட்டுத் திரும்ப ஏறணும். கோடு எழுதறவங்களுக்குப் புரியும், இது சரியான டெட்லாக்.

இதுல ஒரு வேடிக்கை, கப்பல்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மட்டும் அந்த ஆறு மாசம் ஒன்பது மாசமா ஆகும். சட்டம் எழுதினவங்களுக்கே தெரியுது, கடல்ல மாசக்கணக்குல இருக்கப் போறது யாருன்னு.

ஒரு நாள் காணாமப் போகும்

டெக் ஆளுங்களுக்காகக் குட்டியா ஒண்ணு. "கப்பல்ல இருந்தே வேலை பார்க்கிறேன்"னு சொல்றவங்க முதல்ல கடிகாரத்தப் பாருங்க. நம்ம ஊர் காலை 10 மணி ஸ்டாண்ட்அப், ஹவாயில முந்தின நாள் சாயங்காலம் 6:30. அங்கிருந்து மேற்கா நியூசிலாந்துக்குப் போனா, தேதிக் கோட்டைத் தாண்டும்போது காலண்டர்ல ஒரு நாளே இருக்காது. மேற்கா போறப்போ அப்பப்போ ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சுச் சேர்த்த 24 மணி நேரத்துக்கு அங்க கணக்கு நேராகுது.

மெகல்லன் குழுவுல மிஞ்சின விக்டோரியா கப்பல் 1522ல திரும்பி வந்தப்போ இதத்தான் பார்த்தாங்க. தினமும் தவறாம நாட்குறிப்பு எழுதின பிகாஃபெட்டா, கேப் வெர்ட் தீவுல விசாரிச்சா கரையில வியாழக்கிழமை. கப்பல் கணக்குல புதன். குறிப்புல பிழையே இல்ல, உலகத்த ஒரு சுத்து மேற்கா சுத்தினதுக்கான வித்தியாசம் அது.

132-ம் 6-ம்

இப்ப இன்னொரு கதவுக்கு வருவோம்.

2020 பிப்ரவரி. ஜப்பானோட யோகோஹாமாவுல டயமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனாவால நிறுத்தப்பட்டது ஞாபகம் இருக்கா? மொத்தம் 3,711 பேர். அதுல இந்தியர்கள் 138. அந்த 138ல பயணிகள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு. மீதி 132 பேரும் ஊழியர்கள்.

இந்த எபிசோடுல ஒரு நம்பர மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இத வச்சுக்கோங்க. பெரிய கப்பல்ல இந்தியன் எங்க இருக்கான்னு கேட்டா, பெரும்பாலும் மேல் தளத்து நீச்சல் குளத்துல இல்ல. கீழ கேலியில சமைக்கிறான், கேபின் சுத்தம் பண்றான், இன்ஜின் ரூம்ல நிக்கிறான். அந்த ரெண்டு வாரம் பயணிகள் கேபினுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ, அவங்க கதவு வாசல்ல சாப்பாடு கொண்டு போய் வச்சது இந்த ஊழியர்கள்தான். அவங்க தூங்கினது ரெண்டு மூணு பேர் பகிர்ந்துக்கிற சின்ன அறையில. கப்பல்ல மொத்தம் 712 பேருக்குத் தொற்று. 2020 பிப்ரவரி 27 அன்னைக்கு ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டு வந்துச்சு.

நான் முன்னாடி சொன்ன மேக்னிஃபிகாவும் அந்த வருஷம் ஜனவரியில உலகப் பயணம் கிளம்பியிருந்துச்சு. துறைமுகம் ஒவ்வொண்ணா மூட, ஏப்ரல்ல எரிபொருளுக்காகக் கொழும்புக்கு வந்துச்சு. கப்பல்ல வேலை பார்த்த ஒரே இலங்கைக்காரர், சமையல்காரர், "என்னை இங்கயே இறக்கி விடுங்க"னு வீடியோவுல கேட்டுக்கிட்டார். கடற்படை போய்க் கூட்டிட்டு வந்தாங்க. அவர் வீட்டுக்குப் போயிட்டார். மத்தவங்க மார்செய் போய்ச் சேர ஏப்ரல் 20 ஆச்சு. அந்த வருஷம் ஒரு கட்டத்துல, வேலை முடிஞ்சும் கப்பல விட்டு இறங்க முடியாதவங்க உலகம் முழுக்க நாலு லட்சம் பேர்னு சர்வதேச கடல்சார் அமைப்பு கணக்குச் சொல்லுச்சு.

எங்க தெருப் பையன்

இத ஏன் இவ்ளோ நேரம் சொல்றேன்னா, எங்க தெருவுல ஒரு பையன். கேட்டரிங் டிப்ளமா முடிச்சு, சிட்டியில ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை பார்க்கிறான். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "அண்ணா, க்ரூஸ்ல வேலை, டாலர்ல சம்பளம், ஏஜென்ட் ரெண்டரை லட்சம் கேக்குறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம். அம்மா செயின அடகு வைக்கிறேங்குது"ன்னான்.

லேப்டாப்ப எடுத்து வச்சு ரெண்டு பேரும் உக்காந்தோம். நாங்க பார்த்தது இதுதான். நீங்களும் குறிச்சுக்கோங்க.

ஒண்ணு, லைசென்ஸ். இந்தியாவுல கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கணும்னா, கப்பல் துறை தலைமை இயக்குநரகம் தர்ற ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் வேணும். டி.ஜி. ஷிப்பிங் வெப்சைட்ல பட்டியல் இருக்கு. அந்த ஏஜென்ட் பேரு அதுல இல்ல. போன் போட்டு நம்பர் கேட்டா, "அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருக்கு தம்பி, நீ பணத்தக் கட்டு"ங்கறார்.

ரெண்டு, பணம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006னு ஒண்ணு இருக்கு. இந்தியா 2015ல ஏத்துக்கிச்சு. அதுபடி வேலை வாங்கித் தர்றதுக்குத் தொழிலாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. மெடிக்கல் சான்று, சி.டி.சி. புத்தகம், பாஸ்போர்ட், இந்தச் செலவு மட்டும்தான் நம்மளது. விசா செலவு கூட முதலாளியோடது. சமையல்காரர், வெயிட்டர், கேபின் பாய் எல்லாருமே இந்தச் சட்டத்துல மாலுமிதான். அப்போ அந்த ரெண்டரை லட்சம் எதுக்கு?

மூணு, வேலை நேரம். 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம், வாரத்துல 77 மணி நேரம் ஓய்வு தரணும். தலைகீழாப் போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 91 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க இடம் இருக்கு. கான்ட்ராக்ட் பொதுவா ஆறுல இருந்து ஒன்பது மாசம். ஞாயித்துக்கிழமைன்னு தனியா ஒண்ணு கிடையாது. இத அந்த ஏஜென்ட் சொல்லல. நான் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "இப்பவும் 12 மணி நேரம்தான்ணா நிக்கிறேன்"னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நாலு, பயிற்சி. எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புக் கோர்ஸ்: கடல்ல உயிர் தப்பிக்கிறது, தீயணைப்பு, முதலுதவி, பணிப் பாதுகாப்பு. இத அங்கீகாரம் உள்ள நிறுவனத்துல படிக்கணும். அந்தப் பட்டியலும் அதே வெப்சைட்ல இருக்கு.

பணம் கட்டல. செயின் வீட்லயே இருக்கு. பையன் இப்ப கோர்ஸ் படிக்கிறான். வேலை இன்னும் கிடைக்கல. கிடைச்சிடும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா இப்ப அவன் ஏமாறாம வரிசையில நிக்கிறான்.

மூணாவது கதவு

பயணியாவும் இல்லாம, ஊழியராவும் இல்லாம உலகத்தச் சுத்தினவங்களும் இருக்காங்க. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. ரெண்டே பேர். 56 அடி நீளப் பாய்மரப் படகு, ஐ.என்.எஸ்.வி. தாரிணி. 2024 அக்டோபர் 2 கோவாவுல கிளம்பி, ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன்னு நாலு இடத்துல மட்டும் நின்னு, 2025 மே 29 கோவாவுக்குத் திரும்பினாங்க. சுமார் 25,400 கடல் மைல். காத்த மட்டுமே நம்பின பயணம். செரனேட்டுக்கும் இதுக்கும் நாள் கணக்குல ஒரு மாசம்தான் வித்தியாசம்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

கப்பல் பயணம்னா பணக்காரன் விஷயம்ங்கறது நம்ம ஊர்ல சமீபத்துல வந்த நினைப்பு. 1926ல கட்டின ரஜுலா கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் கூலிக்காரங்களையும் வியாபாரிகளையும் ஏத்திட்டுப் போச்சு. அப்புறம் எம்.வி. சிதம்பரம் வந்துச்சு. அதுல தீப்பிடிச்சதோட அந்தப் பாதையும் முடிஞ்சுது.

உண்மையிலேயே மாசக்கணக்குல கடல்ல இருக்கணும்னு ஆசைன்னா, முதல்ல உங்க வயிறு கடலுக்கு ஒத்துக்குதான்னு பாருங்க. சென்னைத் துறைமுகத்துல இருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகுது. சுமார் 60 மணி நேரம். பங்க் வகுப்பு விமானத்த விடக் கம்மி. நீச்சல் குளம் கிடையாது, ரெண்டு பக்கமும் தண்ணி மட்டும்தான். ரெண்டாவது நாளும் டெக்ல வந்து நிக்கத் தோணுச்சுன்னா உங்களுக்குக் கடல் செட் ஆகும். கொஞ்சம் சொகுசு வேணும்னா, 2022 ஜூன்ல முதலமைச்சர் தொடங்கி வச்ச கோர்டீலியா மாதிரி சின்ன க்ரூஸ் சீசனுக்குச் சீசன் சென்னைக்கு வருது. 2023ல இலங்கை வரைக்கும் போச்சு. பெரிய உலகப் பயணங்களையும் துண்டு துண்டா விக்கிறாங்க. விசா சிக்கல் இல்லாத ஒரு துண்டு, ரெண்டு வாரம், சேர்த்து வச்ச லீவுக்குள்ள முடிஞ்சிடும்.

ஏறினா ஒண்ணு பண்ணுங்க. உங்க அறைய சுத்தம் பண்ண வர்றவர் நேம் பேட்ஜப் பாருங்க. அதுல பேருக்குக் கீழ நாடும் போட்டிருக்கும். இந்தியான்னு இருந்தா, எந்த ஊருன்னு கேளுங்க. அவர் ஊர விட்டு வந்து எத்தனை மாசம் ஆச்சுன்னும் கேளுங்க.

இந்த எபிசோட கப்பல் வேலைக்கு முயற்சி பண்ற யாருக்காவது அனுப்பணும்னா, தெருப் பையன் பகுதிய மட்டுமாவது வெட்டி அனுப்புங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும்னு யாராவது அவசரப்படுத்திட்டு இருக்கலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.