மூல ஓலை எங்கே இருக்கிறது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இம்முறை செயலாளர் அவர்கள், "வீட்டுக்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். சிற்றூரில் வாழ்வோர் தம் பதிவுகளை எங்கே தேடுவது, எந்த அலுவலகத்தில் எதனைக் கேட்பது என்பதை எடுத்துக்கொண்டேன். ஆயினும் இலக்கியத்தை முற்றிலும் விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு கதையோடு தொடங்குகின்றேன்.

சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இதோ ஓலை" என்று வழக்காடுகிறார். சினங்கொண்ட சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழிக்கப்பட்டது படி ஓலையே. மூல ஓலை தம்மிடம் இருக்கிறதென்று திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதனைக் காட்டுகிறார். அவையோரும் பேச்சை நம்பித் தீர்ப்புக் கூறவில்லை. பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு சொல்கின்றனர். நகல், மூலம், ஆவணக் காப்பு என்னும் மூன்றையும் நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர் பாருங்கள்! அவர்கள் வழிவந்த நாம், நம் குடும்பத்தின் மூல ஓலை எங்கே இருக்கிறதென்று அறிவோமா? இதுவே இன்று நான் கேட்க விழையும் கேள்வி.

எடுத்துக்காட்டாகக் கல்லாற்றைக் கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. உருண்டைக் கற்களின்மேல் ஓடும் ஆறே ஊருக்குப் பெயரும் தந்தது. அப்பக்கத்து மலைகளில் தேயிலைத் தோட்டம் உண்டான காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேர்விட்டுள்ளன. என் பாட்டனாரும் அவ்வாறு மலையேறியவரே.

கல்லாற்றுக்குச் சென்று, "கல்லாறு பஞ்சாயத்து ஆபீஸ் எங்கே?" என்று கேட்டால் விடை கிடைக்காது. கல்லாறு ஒரு தனிப் பஞ்சாயத்து அன்று. விதுரை கிராம பஞ்சாயத்துக்குள் அடங்கிய இடம், தாலுகா, நெடுமங்காடு. அதே பெயரில் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு பஞ்சாயத்தே உண்டு. இடுக்கியிலும் ஒரு கல்லாறு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் மலை ரயில் பாதையிலும் கல்லாறு என்னும் நிலையம் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் எழுதி அனுப்பிய விண்ணப்பம் வழிதவறுமன்றி வேறென்ன செய்யும்? ஆகவே முதற்படி இதுதான்: மாவட்டம், தாலுகா, வில்லேஜ், பஞ்சாயத்து, வார்டு, சர்வே எண் என்னும் ஆறனையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் வழங்கும் பெயர் வேறு, அரசின் ஏடு வழங்கும் பெயர் வேறு.

இரண்டாம் படி, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் வேறு, பஞ்சாயத்து ஆபீஸ் வேறு. முன்னது வருவாய்த்துறையைச் சேர்ந்தது. நிலவரி, தண்டப்பேர்க் கணக்கு, போக்குவரவு, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்கு அங்கே செல்லவேண்டும். பின்னது மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிமன்றம். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும், வீட்டு வரியும், கட்டட உரிமைச் சான்றும் அங்கே. நிலப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றும் வேண்டுமெனில், மூன்றாவதாகச் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தோரைச் சொற்களும் மயக்கும். நாம் பட்டா எண் என்று தேடும் இடத்தில் இங்கே தண்டப்பேர் எண் நிற்கும். நாம் பட்டா மாறுதல் என்பதை இவர்கள் போக்குவரவு என்பர். நமக்குத் தீர்வை, இவர்களுக்குக் கரம். நமக்கு வில்லங்கச் சான்று. இவர்களுக்குப் பாத்தியதாச் சான்று. தண்டுதல், கரம், பாத்தியதை என்பன நம் காதுக்கும் பழகிய சொற்களே, அஞ்சவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் இருத்துங்கள்: கரம் செலுத்திய ரசீது, வரி செலுத்தியதற்குச் சான்று, அதுவே நிலத்தின் உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

மூன்றாம் படியில் பலர் இடறுகின்றனர். பிறப்பும் இறப்பும், குடியிருந்த ஊரில் அல்ல, நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படும். கல்லாற்றுத் தாய் நெடுமங்காட்டு மருத்துவமனையில் குழந்தை பெற்றால், பதிவு நெடுமங்காடு நகராட்சியில் இருக்கும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பெற்றால் மாநகராட்சியில் இருக்கும். விதுரையில் ஆண்டுக்கணக்காய்த் தேடினும் கிட்டாது. திருமணமும் அவ்வாறே. குலதெய்வத்தின் முன்னிலையில் நடக்கவேண்டுமென்று தென்காசிப் பக்கம் சென்று மணமுடித்து வருகிறோம். அத்திருமணத்தின் பதிவு தமிழ்நாட்டில்தான். கேரளத்துப் பஞ்சாயத்து ஏட்டில் அது ஏறாது.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். தவறினாலும் வழி அடைபடவில்லை. ஆனால் காலம் செல்லச்செல்லக் கட்டணம், அனுமதி, நடுவரின் ஆணை என்று படிகள் ஏறும். அச்சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளுக்குப்பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, அரசுப் பணி ஆகிய அனைத்துக்கும் பிறப்பிடமும் பிறந்த நாளும் காட்டும் சான்றாகப் பிறப்புச் சான்றிதழே கொள்ளப்படும். இளந்தாய்மார்களே, அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் இன்றே திருத்துங்கள். பிழையும் பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகிறோம். இங்கே வீட்டுப்பெயரைச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. ஒரே மனிதர் ரேஷன் அட்டையில் ஒருவராகவும் பள்ளி ஏட்டில் வேறொருவராகவும் ஆகிவிடுகிறார். இருவரும் ஒருவரே என்று சான்றளிக்கவும் வில்லேஜ் ஆபீஸில் ஒரு முறை உண்டு. எனினும் முதலிலிருந்தே ஒரே எழுத்துக்கோவையைப் பயன்படுத்துவது நலம்.

இவையெல்லாம் எதற்கு என்று எண்ணுவோர்க்கு என் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன்.

என் தமக்கையின் மகன் நன்றாகப் படித்தவன். கல்லூரியில் ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பித்தான். அட்டவணைச் சாதிச் சான்று கேட்டனர். "நான்கு தலைமுறையாக இம்மலையில் இருக்கிறோம்" என்றார் என் அத்தான். "எழுத்து உண்டா?" என்றார் அதிகாரி. அவர் கேட்டதில் தவறில்லை. அட்டவணைச் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்நாளில் குடும்பம் நிலையாக எந்த மாநிலத்தில் இருந்ததோ, அம்மாநிலத்துப் பட்டியலின்படியே உரிமை. மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தோர் அவ்வுரிமையைத் தம்முடன் எடுத்துச்செல்ல இயலாதென்று உச்ச நீதிமன்றமும் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, 1950-க்கு முன்பே பாட்டனார் இங்கே இருந்தார் என்பதற்கு ஓர் எழுத்து வேண்டும்.

தோட்டத்து வீடு எங்கள் சொந்தமன்று. எனவே நிலப் பத்திரம் இல்லை. பாட்டனார் பிறப்பைப் பதிந்தவர் எவரும் இல்லை. "தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் நான் கைக்குழந்தை" என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. அது கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடக மாதத்துப் பெருவெள்ளம். நம் கணக்கில் 1924. வாய்ச்சொல் வரலாறாகலாம், ஆவணம் ஆகாது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இறுதியில் ஒரு பழைய பள்ளியின் சேர்க்கை ஏட்டில் பாட்டனாரின் தம்பி பெயரைக் கண்டோம். சேர்ந்த நாள் 1120 இடவம் என்றிருந்தது. தமிழாசிரியரான ஒரு முதியவர்தாம் அதைக் கணக்கிட்டுச் சொன்னார். சிங்க மாதம் முதல் டிசம்பர் முடிய 824-உம், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆக அது 1945. தந்தை பெயரும் சாதியும் தோட்டத்து முகவரியும் அந்த ஒரே வரியில் இருந்தன. சான்றிட்ட நகல் பெற்றோம், விசாரணை நடந்தது, சான்றிதழும் வந்தது. ஆனால் அதற்குள் அவ்வாண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது. பையன் ஓராண்டு தேயிலைச் சாக்கு சுமந்தான். மறு ஆண்டு சேர்ந்தான் என்பது உண்மை. எனினும் இழந்த ஆண்டை எவர் திருப்பித் தருவார்? அந்த ஏடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதே அலமாரியில் எங்களுக்காகக் காத்திருந்தது. தேடாதிருந்தவர்கள் நாங்களே.

அன்பர்களே, பதிவுகளைக் கேட்பது பிச்சை அன்று, உரிமை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எழுதிக் கேட்டால் 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். ஏன் கேட்கிறாய் என்று வினவும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எழுத இயலாதோர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் வடிக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை. விடை வாராவிடின் மேல்முறையீடு உண்டு. குறையைத் தெரிவிக்கும் விண்ணப்பத்தை நாட்டிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு கூறுகிறது. தமிழில் எழுதினோம் என்பதற்காக நம் குறை குறையாகாமற் போகாது.

ஊர்க் காரியங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, வார்டின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்; மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூடவேண்டும். பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரார் தம் சபை விதிகளைக் கல்லில் வெட்டினர். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் அமரக்கூடாதென்றனர். அம்மரபினராகிய நாம், நம் வார்டுச் சபையில் பின்வரிசையில்கூட உட்காருவதில்லையே!

இன்று பல சான்றுகளைக் கணினிவழியே பெறலாம். அட்சய மையத்தில் விண்ணப்பிக்கலாம். கே-ஸ்மார்ட் என்னும் முறை 2025-இல் கிராம பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது. ஆயினும் ஏட்டில் உள்ளதைத்தான் கணினி காட்டும். பழைய ஏட்டின் பிழை அங்கேயும் பிழையே. மிகப் பழையவற்றுக்குத் திருவனந்தபுரத்தில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் ஓலைச் சுருணைகள் அங்கே கட்டுக்கட்டாய் உள்ளன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய பகுதிகள் 1956 நவம்பர் முதல் நாளில்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எனவே அப்பகுதிகளிலிருந்து வந்தோர், தம் முன்னோர் பற்றிய பழைய அரசுப் பதிவுகளுக்குத் திருவனந்தபுரத்தையும் நாடிப் பார்க்கவேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். குடும்பத்தார் ஒவ்வொருவரும் எங்கே, என்று பிறந்தனர். எந்த அலுவலகத்தில் பதிவு. பதிவு எண் என்ன. முன்னோர் முதலில் படித்த பள்ளி எது, உழைத்த தோட்டம் எது — இவ்வளவே போதும். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நம் சங்கமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். மலையாளம் நன்கறிந்த இளைஞர் இருவர் விண்ணப்பம் எழுதித் தரட்டும். கொல்லம் ஆண்டறிந்த முதியவர் ஒருவர் உடனிருக்கட்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போதும்.

வீட்டிலுள்ள நகல் கிழியலாம், நனையலாம், கரையான் அரிக்கலாம். மூல ஓலை அரசின் காப்பில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று அறிந்து வைத்திருங்கள். அவையில் கேட்கும் நாளில் தலைநிமிர்ந்து காட்டலாம்.