விக்–20 கணிப்பொறிக்கு ஒரு நினைவுப் பெட்டி



சம்பள நாளன்று கைக்கு வரும் சீட்டில் நம் கண் முதலில் எங்கே போகும்? மேலே உள்ள மொத்தத் தொகையைத் தாண்டி, பிடித்தமெல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்ற கடைசி வரிக்குத்தான் போகும். இன்று நாம் பேசப்போகும் பழைய கணிப்பொறியும் அப்படி ஒரு சீட்டைக் காட்டுகிறது. அதை முடுக்கியதும் தொலைக்காட்சித் திரையில் ஓர் எண் வரும். 3583 பைட் மிச்சம் என்று அது சொல்லும்.

அந்தக் கணிப்பொறியின் பெயர் விக்–20. அமெரிக்காவின் கொமடோர் நிறுவனம் செய்தது. 1980இல் ஜப்பானிலும் 1981இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. உலகில் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் வீட்டுக் கணிப்பொறி இதுதான். 1985இல் இதன் உற்பத்தி நின்றது. பார்ப்பதற்கு ஒரு தடித்த தட்டச்சுப் பலகைபோல் இருக்கும். வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் கேசட் நாடா போன்றதே அதற்கு ஏடு.

எங்களிடம் உள்ள விக்–20 சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்த நம் ஜொகூர்க்காரர்கள் பலர் அங்கே பழைய வானொலியும் கடிகாரமும் வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கிவந்த இந்தப் பொறிக்கு நாங்களே ஒரு நினைவுப் பெட்டி செய்தோம். ஆங்கிலத்தில் மெமரி கார்ட்ரிட்ஜ் என்பார்கள். செய்த விதத்தையும் அதனால் கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் அந்த 3583 எப்படி வந்தது என்று பார்ப்போம். விக்–20இன் மொத்த நினைவு 5 கிலோபைட். ஒரு கிலோபைட் என்பது 1024 பைட். ஆகவே மொத்தம் 5120. இதில் 1024 பைட்டைப் பொறி தன் சொந்த வேலைக்குப் பிடித்துக்கொள்கிறது. திரையில் 22 எழுத்து கொண்ட 23 வரிகளைக் காட்ட 512 பைட் பிடித்தம். ஒரு பைட்டைத் தொடக்க அடையாளமாக வைத்துக்கொள்கிறது. எல்லாம் போக மிச்சம் 3583. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த மிச்சத்தை வைத்து என்ன செய்யலாம்? இன்று கைப்பேசியில் தமிழை எழுதிச் சேமிக்கும் முறைப்படி, 'தோட்டம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 21 பைட் வேண்டும். அப்படியானால் அந்தச் சொல்லை 170 தடவை எழுதினால் இடம் தீர்ந்துவிடும். இவ்வளவு சிறிய இடத்தில்தான் அந்நாளில் பிள்ளைகள் விளையாட்டும் கணக்கும் எழுதிப் பழகினார்கள். இடம் போதாதவர்கள் பொறியின் பின்புறத்து வாயில் ஒரு நினைவுப் பெட்டியைச் செருகிக்கொண்டார்கள்.

நினைவு எப்படி வேலை செய்கிறது? நமக்குப் பழக்கமான லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. கடிதம் கொண்டுவருபவர் எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் தட்டுவார். நினைவும் அதுபோல் எண்ணிட்ட வீடுகளின் வரிசைதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைட் குடியிருக்கிறது. எந்த வீடு என்று சொல்லுவதற்கு முகவரிக் கம்பிகள் உண்டு. உள்ளே இருப்பதைச் சுமந்து வருவதற்கு எட்டுத் தரவுக் கம்பிகள் உண்டு. 'எடு' அல்லது 'வை' என்று கட்டளையிடும் கம்பிகளும் உண்டு. 'உன்னைத்தான் கூப்பிடுகிறேன்' என்று சொல்லும் அழைப்புக் கம்பி ஒன்றும் உண்டு. அது கூப்பிடாதவரை நினைவுச் சில்லு வாய் திறக்காது.

1980களின் தொடக்கத்தில் 6116 என்ற வகைச் சில்லு பழக்கத்தில் இருந்தது. ஒரு சில்லில் 2 கிலோபைட். 24 கிலோபைட் வேண்டுமானால் 12 சில்லுகளைப் பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். பிறகு 62256 என்ற சில்லு வந்தது. அது ஒன்றே 32 கிலோபைட் கொள்ளும். அதற்கு 28 கால்கள். முகவரிக்கு 15, தரவுக்கு 8, கட்டளைக்கும் அழைப்புக்கும் 3, மின்சாரத்துக்கு 2. பன்னிரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்வதுபோல் ஆகிவிட்டது. நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த ஒரு சில்லைத்தான்.

விக்–20 தன் நினைவை 8 கிலோபைட் கொண்ட லயன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து நினைவு சேர்ப்பதற்கு முதல் லயன், இரண்டாம் லயன், மூன்றாம் லயன் என மூன்று உண்டு. மூன்றுக்கும் தனித்தனி அழைப்பு மணிக் கம்பி பின்புற வாயில் வந்து நிற்கிறது. நம்மிடம் உள்ளதோ ஒரே சில்லு. எந்த மணி அடித்தாலும் அது எழுந்திருக்க வேண்டும். அதற்காக மூன்று கம்பிகளையும் 'அண்டு' வாயில் எனப்படும் ஒரு சிறு சில்லின் வழியாகச் சேர்த்தோம்.

அடுத்து ஒரு சிக்கல். பொறியிலிருந்து 14 முகவரிக் கம்பிகள்தாம் வெளியே வருகின்றன. சில்லுக்கு வேண்டியது 15. இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. முதல் லயனின் மணிக் கம்பியையே பதினைந்தாவது முகவரியாகக் கொடுத்துவிடலாம். அந்த மணி அடித்தால் அது முதல் லயன். அடிக்காவிட்டால் இரண்டோ மூன்றோ. அந்த இரண்டையும் பதினான்காவது கம்பி பிரித்துக் காட்டிவிடும். ஆக, மூன்று லயன்காரர்களும் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழையாமல் ஒரே சில்லில் குடியிருக்கலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பழைய மின்மாற்றியை நம்பிவிடக் கூடாது. அது சரியான அழுத்தம் தருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பொறியில் இணைக்க வேண்டும். பலகையில் சில்லை நேரடியாகப் பற்றவைக்காமல், முதலில் சாக்கெட்டை வைத்துப் பற்றவைத்து, சூடு ஆறியபின் சில்லைப் பொருத்துவது நல்லது. சில்லுக்குச் சூடு படாது. பிறகு மாற்ற வேண்டி வந்தாலும் எளிது. சில்லின் ஒரு முனையில் உள்ள சிறு பள்ளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். திருப்பி வைத்து மின்சாரம் கொடுத்தால் சில்லு பாழ். 5 வோல்ட் மின்சாரம் நுழையும் காலருகே ஒரு சிறு மின்தேக்கி வைத்தால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் சில்லைத் தடுமாறச் செய்யாது. பற்றவைக்கும் கம்பி சுட்டால் புண்ணாகிவிடும். சிறுவர்கள் பெரியவர் துணையோடு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது.

பழைய 8 கிலோபைட் பெட்டி வைத்திருப்பவர்கள் அதை வீச வேண்டாம். கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே புதிய பலகையைப் பொருத்திக்கொள்ளலாம். பொறியில் செருகும் விளிம்புகள் கறுத்திருந்தால் பள்ளிக்கூட அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தால் பளபளக்கும். பெட்டியைச் செருகும்போதும் எடுக்கும்போதும் பொறி கட்டாயம் அணைந்திருக்க வேண்டும்.

எங்கள் பெட்டி முடிந்தது. பொறியை முடுக்கினோம். 3583ஓடு மூன்று 8192ஐக் கூட்டினால் 28,159 வர வேண்டும். திரையில் வந்ததோ 19,967. எல்லார் முகமும் வாடிவிட்டது. சில்லு கெட்டுவிட்டது, வேறு வாங்குவோம் என்றார் ஒருவர். எங்களோடு இருந்த இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி மட்டும் தாளை எடுத்துக் கழித்துப் பார்த்தாள். "அண்ணே, சரியா 8192தான் குறையுது. மூணாவது லயன் மட்டும் பேசல. சில்லு கெட்டிருந்தா இப்படிக் கணக்கா குறையுமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரிதான். விக்–20 முடுக்கியதும் தன் நினைவை வீடு வீடாகத் தட்டிப் பார்க்கும். பதில் வராத இடத்தில் நின்றுவிடும். அதுவரை உள்ளதைத்தான் திரையில் சொல்லும். 28,159 என்றால் எல்லாம் சரி. 19,967 என்றால் மூன்றாம் லயனில் கோளாறு. 11,775 என்றால் இரண்டாம் லயனில். 3583 என்றால் முதல் லயனிலேயே. அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மூன்றாம் மணிக் கம்பியைப் பார்த்தாள். ஈயம் உருண்டையாக நின்றதே தவிர, கம்பியைப் பிடிக்கவில்லை. மறுபடி சூடு காட்டினோம். 28,159 வந்தது.

இதில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நினைவைக் கூட்டியதும் விக்–20 திரைக்குரிய இடத்தை வேறு பக்கம் மாற்றிவிடுகிறது. அதனால் சில பழைய விளையாட்டுகள் ஓடா. அவற்றை ஆடும்போது பெட்டியைக் கழற்றிவிட வேண்டும்.

நேயர்களே, 'கையிலுள்ள கைப்பேசியில் 4 ஜிகாபைட் இருக்கிறதே, அது இந்தப் பெட்டியைப்போல் 174,000 மடங்குக்கும் மேலாயிற்றே, இந்தப் பழம்பொருளைக் கட்டி அழுவானேன்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைப்பேசியின் நினைவைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை. இந்தப் பெட்டியிலோ ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அந்த மாணவி அன்று கற்றுக்கொண்டது அதைத்தான்.

இந்தச் சில்லுகளுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அந்தக் காலத்துச் சில்லுகள் பலவற்றின் முதுகில் 'மலேசியா' என்று அச்சிட்டிருக்கும். 1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. நம் ஜொகூரின் மூவாரில் இன்றைய எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை 1974இல் தொடங்கியது. மைக்ரான் என்னும் நினைவுச் சில்லு நிறுவனத்துக்கும் மூவாரில் தொழிற்சாலை இருக்கிறது. அந்நாளில் இத்தகைய தொழிற்சாலைகளில் உருப்பெருக்கிக்கு முன் அமர்ந்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்களுள் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப்போன நம் அக்காமாரும் உண்டு. உலகத்தின் நினைவுக்குக் கால் பொருத்தியவர்கள் அவர்கள். அந்தச் சில்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியிருப்பார்களா? பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இப்பொழுது கூலாய்ப் பக்கம் போய்வருபவர்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனை நின்ற நிலங்களில் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றின் உள்ளே வரிசை வரிசையாக இருப்பவற்றிலும் நினைவு உண்டு, எண்ணிட்ட வீடுகள் உண்டு. நம் பாட்டன் பாட்டி குடியிருந்த லயன்கள் பல இடங்களில் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் வரும் இந்தப் புதிய லயன்களில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கும்? வாசலில் காவல் நிற்பதும் கௌரவமான உழைப்புதான். ஆனால், உள்ளே ஒரு பொறி பேசாமல் போனால், ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிக்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

அதற்குப் படிவழிகள் உண்டு. பத்து பகாட்டில் அட்டெக் எனப்படும் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. பாசிர் கூடாங்கிலும் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. குளுவாங்கில் தொழிற்கல்லூரி இருக்கிறது. எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு வேண்டும், எப்போது மனுச் செய்ய வேண்டும் என்று பள்ளியில் உள்ள வழிகாட்டி ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பெற்றோர்களுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பழைய வானொலியைக் கழற்றினால் 'கெடுத்துவிடாதே' என்று அதட்டாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். பெண் பிள்ளை கழற்றினாலும் அதையே கேளுங்கள். எங்கள் பெட்டியில் குறைந்த 8192ஐக் கண்டுபிடித்தவள் ஒரு பெண் பிள்ளை. அவளுடைய பாட்டி இளவயதில் மூவாரில் சில்லுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். 28,159 என்ற எண் வந்ததும் பாட்டியை அழைத்துத் திரையைக் காட்டினாள். அவர் எண்ணைப் பார்த்ததைவிட, பேத்தி பற்றவைத்த ஈயத்தைத்தான் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "கம்பி நல்லா புடிச்சிருக்கு" என்றார்.