வழிவிடும் ஒலி



இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் விளங்குவதில்லை. ஒருவர் குரலைத் தாழ்த்தினால்தான் மற்றவர் சொல்வது செவியில் ஏறும். பேச்சுக்கு உள்ள இந்த நியதி இசைக்கும் உண்டு. ஒரு பாட்டில் பத்துக் கருவிகள் சேர்ந்து ஒலிக்கலாம். ஆனால் பத்தும் ஒரே கணத்தில் முன்னே நிற்க இயலாது. எது முன்னே நிற்பது, எது சற்று ஒதுங்குவது என்பதை யாராவது தீர்மானித்தாக வேண்டும். கணிப்பொறியில் இசை அமைப்போர் இதற்கென்று கையாளும் முறை ஒன்று உண்டு. ‘சைடுசெயின் கம்ப்ரஷன்’ என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அதன் உட்கருத்து மிக எளியது.

ஓர் ஒலி மற்றோர் ஒலியை மறைப்பது ஏன்? முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆல்ஃபிரட் மேயர் என்பவர் 1876-ஆம் ஆண்டில் விந்தையான ஓர் உண்மையைக் கண்டு சொன்னார். வலுத்த தாழ்சுருதி ஒலி உயர்சுருதி ஒலியை மறைத்துவிடும். உயர்சுருதி ஒலியோ தாழ்சுருதி ஒலியை அவ்வாறு மறைப்பதில்லை. 1924-இல் வெகல், லேன் என்னும் இருவர் இந்த மறைப்பை நுட்பமாக அளந்து காட்டினர்.

காரணம் நமது உட்செவியில் இருக்கிறது. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பினுள் மெல்லிய சவ்வு ஒன்று நீளமாக அமைந்துள்ளது. உயர்சுருதி ஒலி அச்சவ்வின் நுழைவாயில் அருகிலேயே அதிர்வை உண்டாக்கி அடங்கிவிடும். தாழ்சுருதி ஒலியின் அலையோ மறுகோடி வரையில் செல்லும். செல்லும் வழியில், உயர்சுருதிக்கு உரிய இடத்தையும் அசைத்துவிட்டே செல்லும். சவ்வின்மீது அலை ஓடும் வகையை ஆராய்ந்து விளக்கிய பேகேஷி என்னும் அறிஞருக்கு 1961-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே, இசை அமைப்பவருக்கு மிகுந்த தொல்லை தருவன தாழ்சுருதிக் கருவிகளே. மேல்நாட்டு நடன இசையில் இத்தகையவை இரண்டு உண்டு. ஒன்று, காலால் மிதித்து அடிக்கும் ‘கிக்’ என்னும் பெருமுரசு. மற்றொன்று, ‘பேஸ்’ என்னும் தாழ்சுருதி இசை. இரண்டின் வலிமையும் பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸ் முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலேயே திரண்டு நிற்கும். ஒடுங்கிய வாயிலில் இரு பருத்த மனிதர் ஒருங்கே நுழைய முயன்றால் என்ன ஆகும்? அதுவே இங்கும் நேர்கிறது. முரசின் அடி மழுங்கும். பேஸின் சுரமும் தெளியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கணிப்பொறியில் பதிவாகும் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. சம வலிமையுள்ள இரண்டு அலைகள் முகட்டோடு முகடு பொருந்திச் சேர்ந்தால் அலையின் உயரம் இரு மடங்கு ஆகும். அதாவது 6 டெசிபல் கூடும். கூடிய அலை உச்சவரம்பைத் தாண்டினால் அதன் தலை வெட்டுண்டு, கரகரப்பாக ஒலிக்கும்.

இத்துன்பத்துக்கு மருந்து யாது? இங்கேதான் ‘கம்ப்ரஸர்’ வருகிறது. தமிழில் அதை ‘அமுக்கி’ என்று சொல்வோம். ஓர் எல்லையை நாம் குறித்துக் கொடுக்கிறோம். அந்த எல்லைக்கு மேல் ஒலி எழுந்தால், எழுந்த அளவைக் குறிப்பிட்ட விகிதத்தில் அமுக்கி குறைத்துவிடும். விகிதம் 4-க்கு 1 என்று வைத்தால், எல்லைக்கு மேல் 12 டெசிபல் எழுந்த ஒலி 3 டெசிபல் மட்டுமே எழுந்ததாக வெளிவரும். 9 டெசிபல் அடங்கிவிடும்.

வழக்கமாக, அமுக்கி எந்த ஒலியை அளக்கிறதோ அதையே அடக்கும். ஆனால், அளக்கும் வழியை வேறாகவும் அடக்கும் வழியை வேறாகவும் பிரித்துவிட்டால்? முரசின் ஒலியை அளந்து, பேஸின் ஒலியை அடக்கச் செய்தால்? முரசு முழங்கும்போதெல்லாம் பேஸ் தானே தாழும்; முரசு ஓய்ந்ததும் பேஸ் மீண்டும் எழும். அளப்பதற்காகப் பக்கத்திலிருந்து வந்து சேரும் இந்தத் தனி வழியையே ‘சைடுசெயின்’ என்கிறார்கள். பாடகரின் குரலைக் கேட்டுப் பக்கவாத்தியக்காரர் தம் கையை அடக்கிக்கொள்வதை ஒத்தது இது. வேறுபாடு ஒன்றே: வித்துவானிடம் செவியும் அறிவும் செய்வதை இங்கே ஓர் அளவுகோல் செய்கிறது.

ஏபிள்டன் லைவ், லாஜிக், கியூபேஸ் முதலிய மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு. பேஸ் பதிவாகியுள்ள தடத்தில் அமுக்கியை வைத்து, அதன் சைடுசெயினுக்கு முரசின் தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு எல்லையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே வந்தால், ஒவ்வோர் அடிக்கும் பேஸ் ஒதுங்குவது கேட்கும். தெளிவு ஒன்றே நோக்கமாயின் 3 முதல் 6 டெசிபல் வரை அடங்கினாலே பெரும்பாலும் போதும்.

இதன்பின் இரண்டு கால அளவுகளைக் கவனிக்க வேண்டும். அமுக்கி எவ்வளவு விரைவில் பிடிக்கிறது என்பது ‘அட்டாக்’. எவ்வளவு நேரத்தில் பிடியை விடுகிறது என்பது ‘ரிலீஸ்’. பிடிப்பது தாமதமானால், முரசடியின் தொடக்கமே மறைந்துபோகும். விரைவு மிகுந்தாலும் கேடுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடிய 20 மில்லிசெகண்டு ஆகிறது. பாதி அலையில் சடக்கென்று பிடித்தால் அலை முறிந்து ‘டக்’ என்று ஒலிக்கும். ஆகவே சில மில்லிசெகண்டு அவகாசம் கொடுப்பது நல்லது.

விடும் நேரத்தை இசையின் நடை தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிசெகண்டு உண்டு. அதற்குள் பேஸ் முழுமையாக எழுந்துவிட வேண்டும். பேச்சுக்காக இசையைத் தாழ்த்தும்போதோ கணக்கு வேறு. அங்கே பிடியை விரைவில் விட்டால், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள சிறு மௌனத்தில் இசை துள்ளி எழுந்து தொல்லை கொடுக்கும். ஆதலால் பேச்சு முடிந்தபின் மெதுவாகவே எழச் செய்ய வேண்டும். வானொலியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணி இசை தாழ்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கையால் குமிழைத் திருப்பிச் செய்யத்தக்க இவ்வேலையை இம்முறை தானே செய்துவிடுகிறது.

மறைந்திருந்து தொண்டு செய்த இந்த முறை ஒரு காலத்தில் மேடைக்கே வந்துவிட்டது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1980-களில் ‘ஹவுஸ்’ என்னும் நடன இசை வளர்ந்தது. அளவுக்கு அளவு நான்கு அடியும் பெருமுரசு விழுவது அதன் இலக்கணம். 1990-களில் அவ்விசை பாரிஸ் நகரில் புதுக்கோலம் கொண்டது. டாஃப்ட் பங்க் என்னும் இருவர் குழு 1997-இல் ‘ஹோம்வொர்க்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. வீட்டிலேயே உருவாக்கியதால் அதற்கு அப்பெயர். இவ்வகை இசையில் முரசடி மற்ற ஒலிகளையெல்லாம் அமுக்கி எழச் செய்வது மறைக்கப்படவில்லை. இசை மூச்சு விடுவது போன்ற அவ்வசைவே அழகாகப் போற்றப்பட்டது. எரிக் பிரிட்ஸ் என்னும் சுவீடன் நாட்டவர் 2004-இல் வெளியிட்ட ‘கால் ஆன் மீ’ என்னும் பாட்டில் இதை எவரும் தெளிவாகக் கேட்கலாம். முரசே ஒலிக்காத இடத்திலும் அந்த அசைவை உண்டாக்கலாம். செவிக்கு எட்டாமல் அமுக்கிக்கு மட்டும் எட்டும் ஊமை முரசு ஒன்றை அளக்கும் வழியில் வைத்தால் போதும்.

ஆனால், நண்பர்களே, ஒரு கருவி எளிதில் கிடைக்கிறது என்பதற்காக எங்கும் அதைப் பயன்படுத்துவது கலையாகாது. எல்லா ஒலிகளும் எப்பொழுதும் குனிந்து நிமிர்ந்தால் பாட்டு தள்ளாடும். சிறிய ஒலிபெருக்கிகளையும் நினைத்துப் பாருங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கி 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாக வெளியிடுவதில்லை. முரசின் கனம் அங்கே கேட்காது; அதற்காக மற்ற ஒலிகள் ஒதுங்கிய பள்ளம் மட்டும் கேட்கும். வராத விருந்தினருக்காக எழுந்து நிற்கும் சபையைப் போல் அது தோன்றும்.

ஆகையால், முதலில் இசையை அமைக்கும்போதே முரசுக்கும் பேஸுக்கும் வெவ்வேறு இடம் கொடுங்கள். முரசு விழும் கணத்தில் பேஸின் சுரம் தொடங்காமல் சற்றுப் பின்னே தொடங்கினால், அமுக்கியே தேவைப்படாமல் போகலாம். அதன்பிறகும் நெருக்கடி இருந்தால் சைடுசெயினை நாடுங்கள். அமைத்தபின் அதை நிறுத்தியும் இயக்கியும் ஒப்பிட்டுக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் முள்ளின் அசைவைவிட, செவிக்குத் தெரியும் தெளிவே உங்களுக்குச் சான்று.

இன்னும் ஒன்று. உட்செவி பழுதுபட்டுச் செவித்திறன் குன்றியவர்களுக்கு, தாழ்சுருதி ஒலி மற்றவற்றை மறைப்பது பொதுவாக மிகுதியாக இருக்கும். முதியோர் பலருக்கு இக்குறை உண்டு. சொல்லின் பொருளை வேறுபடுத்திக் காட்டும் ச, த, ப போன்ற மெல்லோசைகளே அவர்களுக்கு முதலில் நழுவிப்போகும். நீங்கள் நாளை ஒரு நாடகத்துக்கோ பாடத்துக்கோ பின்னணி இசை அமைக்கும்போது, இசையை இன்னும் சில டெசிபல் தாழச் செய்தால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பாட்டி முழு வாக்கியத்தையும் கேட்டு மகிழ்வார். அவருக்கு உங்கள் பெயரோ உங்கள் மென்பொருளின் பெயரோ தெரியாது. சொல் விளங்கியது என்பது மட்டும் தெரியும்.

அமுக்கிக்கு ஒலியின் வலிமை தெரியும். அதன் பொருள் தெரியாது. எந்த ஒலிக்கு எந்த ஒலி வழிவிட வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே. வலிய ஒலியை மேலும் வலிதாக்க எவராலும் முடியும். கேட்க வேண்டிய ஒலி எது என்று தேர்ந்து, அதற்கு இடம் விடத் தெரிந்தவரே இசை அமைக்கத் தெரிந்தவர்.