அச்சைத் திருப்பினாலும் மாறாதவை



கணிதத் துறையினரும் இயற்பியல் துறையினரும் ஒரே அரங்கில் அமர்ந்து பேசுவதற்குக் கார்ட்டீசியன் ஆயத்தொலைவுகளைப் பொருளாகத் தேர்ந்தெடுத்தவர்களை முதலில் பாராட்டுகிறேன். வரைபடத்தாளில் நான்கு கால்பகுதிகளைப் பிரித்துப் புள்ளிகளைக் குறித்ததோடு முடிந்துபோன பாடம் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அச்சுகள் நாம் வைப்பவை. அவற்றை வேண்டியபடி நகர்த்தலாம், திருப்பலாம் என்ற உரிமையில்தான் இந்த முறையின் வலிமை இருக்கிறது. திருப்பிய பிறகும் எது மாறாமல் நிற்கிறதோ அதுவே பொருளுக்கு உரியது. மாறுவதெல்லாம் நாம் வைத்த அச்சுக்கு உரியது. இந்தக் கருத்தைச் சில இடங்களில் வைத்துக் காட்டுவதே என் உரையின் நோக்கம்.

மூல நூலிலிருந்து தொடங்குகிறேன். 1637-இல் ஹாலந்தின் லைடன் நகரில் ரெனே தெக்கார்த், அறிவைச் செலுத்தும் முறை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஒளிவிலகல், வானிலை, வடிவியல் என மூன்று கட்டுரைகள் அதனோடு சேர்ந்து வந்தன. அந்த வடிவியல் கட்டுரையில் நம் பள்ளி வரைபடத்தாளைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான இரண்டு அச்சுகள் நிலையாக வரையப்பட்டிருக்கவில்லை. குறை எண்களுக்கென்று ஒரு பக்கமும் இல்லை.

அங்கே இருப்பது அதைவிட ஆழமானது. கிரேக்க வடிவியலில் இரண்டு நீளங்களின் பெருக்கற்பலன் ஒரு பரப்பு, மூன்றின் பெருக்கற்பலன் ஒரு கனஅளவு. நான்கு நீளங்களைப் பெருக்கினால் அதைக் காட்ட வடிவமே இல்லை. தெக்கார்த் ஏதேனும் ஒரு நீளத்தை அலகாக வைத்துக்கொண்டார். பிறகு வடிவொத்த முக்கோணங்களின் துணையால், இரண்டு நீளங்களின் பெருக்கற்பலனையும் ஒரு நீளமாகவே வரைந்து காட்டினார். அதன்பின் எத்தனை நீளங்களைப் பெருக்கினாலும் விடை ஒரு கோடுதான். நான்காம் படியும் ஐந்தாம் படியும் வடிவியலுக்குள் வரத் தடையில்லாமல் போயிற்று. அச்சு வரைந்ததைக் காட்டிலும் இதைத்தான் அவருடைய பெரிய செயலாக நான் கருதுகிறேன்.

அந்தக் கருவியைக் கொண்டு அவர் எடுத்துக்கொண்டது, அலெக்சாண்டிரியாவின் பாப்பஸ் விட்டுச்சென்ற கணக்கு. நான்கு கோடுகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு புள்ளியிலிருந்து அவற்றுக்குக் குறித்த கோணங்களில் நான்கு நீளங்கள் வரைகிறோம். இரண்டின் பெருக்கற்பலன் மற்ற இரண்டின் பெருக்கற்பலனோடு மாறாத விகிதத்தில் இருக்க வேண்டுமென்றால், அந்தப் புள்ளியின் நியமப்பாதை எது? கணக்கிலேயே இருக்கும் ஒரு கோட்டின் மீது ஒரு நீளத்தை எக்ஸ் என்றார். வரைந்த நீளங்களில் ஒன்றை ஒய் என்றார். மற்ற அனைத்தையும் இவ்விரண்டால் எழுதினார். கூம்பு வளைவு கிடைத்தது. அச்சை அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, கணக்கிலிருந்தே எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கணக்கு எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே அச்சும் சாய்ந்திருந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பியர் ஃபெர்மாவும் இதே வழியைத் தனியாகக் கண்டிருந்தார்; அவர் எழுதியது அவர் மறைந்தபின் 1679-இல்தான் அச்சேறியது. குறைப் பக்கங்களையும் சேர்த்து வளைவு முழுவதையும் தயக்கமின்றிக் கையாண்டவர் நியூட்டன். முப்படி வளைவுகளை 72 வகைகளாக அவர் பிரித்த கட்டுரை 1704-இல் வெளிவந்தது.

இனி ஓர் எளிய கணக்கு. 5 எக்ஸ் வர்க்கம், 4 எக்ஸ் ஒய், 8 ஒய் வர்க்கம் மூன்றையும் கூட்டினால் 36. இது என்ன வளைவு? நடுவில் நிற்கும் எக்ஸ் ஒய் உறுப்புதான் கண்ணை மறைக்கிறது. அச்சுகளை ஏறத்தாழ இருபத்தாறரை பாகை வலஞ்சுழியாகத் திருப்பினால் அந்த உறுப்பு மறைந்துவிடும். 4 எக்ஸ் வர்க்கமும் 9 ஒய் வர்க்கமும் சேர்ந்து 36 என்ற சமன்பாடு நிற்கும். அரை அச்சுகள் 3, 2 கொண்ட நீள்வட்டம். இப்போது எண்களைப் பாருங்கள். முன்பு 5-உம் 8-உம் சேர்ந்து 13. இப்போது 4-உம் 9-உம் சேர்ந்து அதே 13. முன்பு ஐந்தெட்டு 40-இலிருந்து, நடு உறுப்பின் எண்ணில் பாதியை வர்க்கமாக்கிய 4-ஐக் கழித்தால் 36. இப்போது நான்கொன்பது 36. எந்தக் கோணத்தில் திருப்பினாலும் 13-உம் 36-உம் அசையாது. ஐந்து, எட்டு என்பவை நாம் வைத்த அச்சைச் சொல்கின்றன. பதின்மூன்றும் முப்பத்தாறும் நீள்வட்டத்தைச் சொல்கின்றன.

இதே கணக்கு இயற்பியலில் எத்தனை பெயர்களில் வருகிறது! சுழலும் திண்பொருளுக்கு நிலைமத் திருப்புத்திறனின் முதன்மை அச்சுகளைக் காண்பது இதுதான். பாலத்தின் தூணில் தகைவு எந்தத் திசையில் மிகுதி என்று பொறியாளர் தேடுவதும் இதுதான். குவாண்டம் இயக்கவியலில் ஐகன் மதிப்புகளைக் காண்பதும், பரிமாணங்கள் கூடினாலும், அடிப்படையில் இதுதான். நம் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணக்குப் பாடநூலில் அணிகளும் கூம்பு வளைவுகளும் ஒரே தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் இரண்டையும் தொட்டுக் காட்டி நடத்தும் வகுப்புகள் மிகக் குறைவு. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது.

இயக்கவியலுக்கு வருகிறேன். தெக்கார்த்தின் நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1638-இல், அதே லைடன் நகரில் கலிலியோவின் கடைசிப் பெருநூல் அச்சானது. எறிபொருளின் இயக்கத்தைக் கிடையாகச் சீராகச் செல்வது, செங்குத்தாக முடுக்கத்தோடு விழுவது என இரண்டாகப் பிரித்து, பாதை பரவளையம் என்று அதில் நிறுவியிருந்தார். இன்று நாம் இதை இரண்டு கூறுகளாக எழுதி, இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று மாணவருக்குச் சொல்கிறோம். ஏன் சாராதவை என்று சொல்வதில்லை. மாணவர் அச்சுகள் செங்குத்தாக இருப்பதுதான் காரணம் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மைக் காரணம் விசையின் இயல்பு. எறிபொருள் செல்லும் தொலைவுக்குள் புவியீர்ப்பு ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே திசையில் இருப்பதால், சாய்தளத்தை ஒட்டி அச்சைச் சாய்த்து வைத்தாலும் கூறுகள் பிரிந்தே நிற்கின்றன. ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அமையும்போது பாருங்கள். வேகம் என்பதே இரண்டு கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்த அளவு. எனவே கிடைக்கூறைக் குறைக்கும் விசைக்குள் செங்குத்துக் கூறும் நுழைந்துவிடுகிறது. அப்போது அச்சை எப்படித் திருப்பினாலும் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

விசை, நிறை, முடுக்கம் இவற்றை இணைக்கும் விதியை மூன்று நிலையான அச்சுகளில் மூன்று சமன்பாடுகளாக நியூட்டனின் 1687-ஆம் ஆண்டு நூலில் தேடினாலும் கிடைக்காது. அந்த நூல் வடிவியல் நடையில் எழுதப்பட்டது. இயக்கவியல் முழுமைக்கும் பொதுவான அடித்தளமாக அந்த மூன்று சமன்பாடுகளை முன்வைத்தவர் ஆய்லர். 1750-இல் பெர்லின் அகாதமியில் அவர் படித்த கட்டுரை அது. அதுவரை பலரும் ஒரு துகளின் பாதையை ஒட்டியும் அதற்குக் குறுக்காகவும் விசையைப் பிரித்துக் கணக்கிட்டு வந்தார்கள். ஒற்றைத் துகளுக்கு அது போதும். சுழலும் திண்பொருளில் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு தனிப் பாதை. அத்தனை பாதைகளுக்கும் அத்தனை அச்சுகள் வைத்தால் கூட்டிப் பார்ப்பது எப்படி? எல்லாத் துகள்களுக்கும் பொதுவாக வெளியில் மூன்று திசைகளை நிறுத்தியதும் கணக்கு இளகிற்று.

கார்ட்டீசியன் அச்சுகளின் தனிச்சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. அவற்றின் ஓரலகு வெக்டர்கள் எந்தப் புள்ளிக்குப் போனாலும் திசை மாறுவதில்லை. கோள ஆயத்தொலைவுகளில் இடத்துக்கு இடம் திசைகள் திரும்புகின்றன. வகைக்கெழு எடுக்கும்போது அந்தத் திருப்பமும் கூடுதல் உறுப்புகளாக வந்து சேர்கிறது. குவாண்டம் இயக்கவியலில் இது வெறும் வசதிப் பிரச்சினை அன்று. உந்தத்தின் இடத்தில் வகைக்கெழுச் செயலியை வைக்கும் விதி, கார்ட்டீசியன் அச்சுகளில்தான் நேரடியாகப் பொருந்துகிறது என்று டிராக் தம் பாடநூலில் எச்சரித்திருக்கிறார். ஆரத்திசை உந்தத்துக்கு அப்படியே வைத்தால் ஆற்றல் செயலியில் ஓர் உறுப்பு விடுபட்டுப்போகும். ஆகவே ஹைட்ரஜன் அணுவின் சமன்பாட்டைக் கார்ட்டீசியன் அச்சுகளில் எழுதிக்கொண்டு, பின்னரே கோள ஆயத்தொலைவுகளுக்கு மாற்றித் தீர்க்கிறோம். விதியை எழுதுவதற்கு ஏற்ற அச்சும் விடை காண்பதற்கு ஏற்ற அச்சும் வேறுவேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் ஒரு பணியை இந்த அவையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தன் ஈர்ப்பாலேயே ஒட்டி நின்று சுழலும் திரவத் திரள் என்ன வடிவம் எடுக்கும் என்பது பழைய கேள்வி. ஓர் அச்சைச் சுற்றிச் சமச்சீரான தட்டைக் கோளம் ஒரு விடை என்று மெக்லாரின் காட்டினார். மூன்று அச்சுகளும் வேறுபட்ட நீள்வட்டத் திண்மமும் சமநிலையில் சுழல முடியும் என்று யாக்கோபி 1834-இல் காட்டியது வியப்பை உண்டாக்கிற்று. பிறகு டிரிக்லே, டெடகிண்ட், ரீமான் வரை பெரியவர்கள் தொட்ட பொருள் இது. சந்திரசேகர் 1960-களில் இதை மறுபடி எடுத்து, 1969-இல் தனி நூலாகத் தந்தார். அவர் கையாண்ட வழி கார்ட்டீசியன் கூறுகளின் வழி. இயக்கச் சமன்பாட்டை ஆயத்தொலைவு ஒவ்வொன்றாலும் பெருக்கி, திரள் முழுவதற்கும் தொகையிட்டார். ஒற்றைச் சமன்பாடாக இருந்த விரியல் தேற்றம் ஒன்பது கூறுகளாக விரிந்தது; எந்தத் திசையில் வடிவம் குலையத் தொடங்கும் என்பதையும் அவை சொல்லின. சீரான அடர்த்தி கொண்ட நீள்வட்டத் திண்மத்துக்குள் ஈர்ப்பு ஆற்றல்நிலை மூன்று ஆயத்தொலைவுகளின் வர்க்கங்களால் மட்டுமே அமைகிறது. அதனால்தான் இந்த வழி அவ்வளவு தூரம் செல்ல முடிந்தது. பாப்பஸின் கணக்கில் தெக்கார்த் செய்ததுபோல, இங்கும் அச்சு பொருளுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது.

திசை மாறாத அச்சுகளை எல்லா இடத்திலும் விரிக்க முடியுமா? முடியாது. 1802-இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண நில அளவையிலேயே அது தெரிந்தது. பூமியின் மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகையைக் கொஞ்சம் தாண்டும். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, பாகையின் 3600-இல் ஒரு பங்கு. ஹனோவரில் தாமே நில அளவை நடத்திய காஸ், 1827-இல் இதைத் தேற்றமாக்கினார்: ஒரு பரப்பின் வளைவு, அதன்மேல் அளக்கும் தொலைவுகளாலேயே தீர்மானிக்கப்படுகிறது, எனவே கோளத்தைத் தொலைவுகள் கெடாமல் தளத்தில் விரிக்க இயலாது. கார்ட்டீசியன் அச்சு பொருந்துகிறதா இல்லையா என்பதே அந்தப் பரப்பைப் பற்றிய செய்தி ஆகிவிட்டது. 1908-இல் மின்கோவ்ஸ்கி காலத்தையும் ஓர் அச்சாக்கியபோது, அச்சைத் திருப்பினாலும் மாறாத அளவில் ஒரு குறி மட்டும் கழித்தலானது. அந்த ஒரு குறியில் சிறப்புச் சார்பியல் அடங்கியிருக்கிறது.

இந்த இரண்டு நாளும் கட்டுரை படிக்க இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்கில் எந்த அச்சை வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள், அதைத் திருப்பினால் எது நிலைக்கும் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுங்கள். பாடத்திட்டம் பற்றிய பிற்பகல் அமர்வில், கூம்பு வளைவுகளையும் அணிகளையும் சேர்த்து நடத்துவதற்கான நான்கைந்து வகுப்புகளை இங்கேயே வரைந்து, பள்ளி ஆசிரியர்களின் கையில் கொடுத்து அனுப்புவோம். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.