ஓட்டம் வேறு, ஆற்றல் வேறு

(உயர்நிலைப் பள்ளி மின்னியற் பாடம் பற்றிய பொழிவு)

 

தெருவிளக்கு அணைந்தால் 'கரண்டு போயிற்று' என்பர். கம்பியைத் தொட்டவர் தூக்கியெறியப்பட்டால் 'கரண்டு அடித்தது' என்பர். வீட்டுக்கு வந்த கணக்கைச் செலுத்துங்கால் 'கரண்டுப் பணம்' என்பர். சொல் ஒன்று, பொருளோ மூன்று. முதலாவதில் இல்லாமற் போனது மின்னழுத்தம். இரண்டாவதில் உடலினூடே பாய்ந்தது மின்னோட்டம். மூன்றாவதில் விலை கொடுத்து வாங்கப்பெற்றது மின்னாற்றல். ஆங்கிலத்தில் அச்சொல் ஓட்டம் ஒன்றனையே குறிக்கும். இரவல் வாங்கியோர் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் வாங்கி, மூன்றன் தலையிலும் கட்டிவிட்டனர். 'மின்சாரம்' என்னும் சொல்லும் இக்குழப்பத்தைத் தீர்த்திலது. அதுவும் மூன்றுக்கும் பொதுவாகவே வழங்குகின்றது.

இக்குழப்பம் பிள்ளையோடு வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிடுகின்றது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை நோக்கி, "மின்கலத்தினின்று புறப்பட்ட மின்னோட்டம் குமிழ்விளக்கைக் கடந்தபின் குறையுமா, குறையாதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஓம் விதியைப் பிழையற ஒப்பிப்பவனும் பெரும்பாலும் 'குறையும்' என்றே சொல்வான். விளக்கு எரிந்ததே, ஏதேனும் ஒன்று செலவாகியிருக்க வேண்டுமே என்பது அவன் கருத்து. அக்கருத்து முற்றும் தவறன்று. செலவானது ஒன்று உண்டு. அஃது ஆற்றல், ஓட்டம் அன்று. இத்தடுமாற்றம் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரியதுமன்று. பிற நாட்டு மாணவரிடத்தும் கல்வியாய்வாளர் இதனைக் கண்டுள்ளனர். ஆயினும், மூன்றனையும் பிரித்துக் காட்டும் மூன்று சொற்கள் தன் தாய்மொழியில் அணியமாய் இருக்கவும், ஒரு பிள்ளை இரவற் சொல்லால் இடறி விழுவதே ஈண்டு வருந்தத்தக்கது.

மிதிவண்டிச் சங்கிலியை எண்ணிப் பாருங்கள். மிதிப்பவன் காலின் ஆற்றல் சங்கிலியின் வழியே பின் உருளைக்குச் சென்று செலவாகின்றது. சங்கிலியோ ஒரு கண்ணியும் குறையாமல் திரும்பி வருகின்றது. மின்சுற்றும் அத்தகையதே. செப்புக் கம்பியிலுள்ள எதிர்மின்னிகள் ஒரு நொடியில் நகரும் தொலைவு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்ஙனமாயின் சொடுக்கியைத் தட்டியவுடன் விளக்கு எரிவது எவ்வாறு? சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒருங்கே நகரத் தொடங்குவதுபோல், கம்பி முழுதும் உள்ள மின்னிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகரத் தொடங்கிவிடுகின்றன.

இதற்குச் சான்று வீட்டுச் சுவரிலேயே உண்டு. இற்றை வீடுகள் பலவற்றிற் பொருத்தப்பெறும் மின்கசிவுத் துண்டிப்பான், உட்செல்லும் ஓட்டத்தையும் திரும்பி வரும் ஓட்டத்தையும் ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் கருவி. இரண்டுக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபாடு நேர்ந்தாலே, எங்கோ ஓர் உடலின் வழியே மின் கசிகின்றது என்று கொண்டு இணைப்பை அறுத்துவிடும். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட்டுக் குமிழில் பாயும் ஓட்டம் ஏறத்தாழ 0.26 ஆம்பியர், அஃதாவது 260 மில்லி ஆம்பியர். அவ்வோட்டத்தை விளக்கு விழுங்கிவிடுமாயின், விளக்கேற்றும் போதெல்லாம் வீடு இருண்டுபோக வேண்டும்! மின்கணக்கில் 'ஓரலகு' என்று எழுதப்பெறுவதும் ஓட்டமன்று. 1,000 வாட்டுக் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் 36 இலக்கம் சூல் ஆற்றலே அது.

இனி, ஓம் என்பார் யார்? பெரும்பாலான மாணவர்க்கு அஃது ஒரு வாய்பாட்டின் பெயர், அவ்வளவே. கியோர்கு சைமன் ஓம் பூட்டுச் செய்யும் கொல்லர் ஒருவரின் மகன்; செருமனியின் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வோல்ட்டாவின் மின்கல அடுக்கை வைத்து ஆய்ந்தபோது அதன் அழுத்தம் நிலையாய் நில்லாமையால் அவர் இடர்ப்பட்டார். பின்னர், பிசுமத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் இருத்தி, மாறா அழுத்தம் பெற்றார். ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்துக் காந்த ஊசியின் விலக்கத்தை அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் எவ்வாறு குறைந்தது என்பதினின்றே விதி பிறந்தது. 1827-இல் அதனை அவர் நூலாக வெளியிட்டது தம் தாய்மொழியாகிய செருமானியத்தில். உரிய மதிப்பு உடனே கிட்டவில்லை. இலண்டன் அரசக் கழகம் காப்பிளிப் பதக்கம் வழங்கியது 1841-இல். கம்பியும் ஊசியும் கொண்டு ஒரு பள்ளியாசிரியர் கண்ட உண்மை, இன்று மூன்றெழுத்து வாய்பாடாய்ச் சுருங்கி நெட்டுருவுக்கு இரையாகின்றது.

தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டாலே போதும் என்பதுமன்று. சொல்லை விரித்துக் காட்டல் வேண்டும். 'அழுத்தம்' என்றவுடன் மேல்நிலை நீர்த்தொட்டி நினைவுக்கு வரும், நன்றே. ஆயின் குழாயை வெட்டினால் நீர் கொட்டும். கம்பியை வெட்டினால் ஓட்டம் நின்றுவிடும். ஒப்புமையின் எல்லை அது. அதனினும் முதன்மையானது, 'மின்னழுத்த வேறுபாடு' என்பதிலுள்ள 'வேறுபாடு'. பாடஞ் சொல்லும் விரைவில் முதலில் உதிர்வது அதுதான். உயரழுத்தக் கம்பியில் அமர்ந்த பறவை பிழைத்திருப்பதன் கரணியம் அச்சொல்லுள் இருக்கின்றது. அதன் இரு காலும் ஒரே கம்பியில் இருத்தலின், கால்களுக்கிடையே வேறுபாடு இல்லையென்னும் அளவே. வேறுபாடின்றேல் ஓட்டமில்லை.

ஆசிரியர்காள்! இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. கைவிளக்குக் கலங்கள் இரண்டு, ஒரே வகைச் சிறு குமிழ்கள் இரண்டு, ஒரு முழக் கம்பி போதும். வீட்டு மின்னை இதற்குத் தொடவே கூடாது. குமிழ்களைத் தொடரில் இணைத்து, எது கூடுதலாய் ஒளிரும் என்று முதலிற் கேளுங்கள். 'முதற் குமிழ்' என்று விடை வரும். பின்னர் இணையுங்கள், இரண்டும் ஒப்பவே ஒளிரும். கலங்களைத் திருப்பி வைத்தாலும் அவ்வாறே ஒளிரும். அதன்பின் கரும்பலகையில் வாய்பாட்டை எழுதலாம்.